தங்கை கணவனைக் கொன்றாள்: 'மனநிலை சரியில்லை' என்ற வாதம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

வாசகர் கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா): என் தங்கைக்கு 38 வயது, பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாணமாகி 15 வருஷம் அடி வாங்கியவள். ஆர்.கே. கான் மருத்துவமனையில் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள். சம்பவ இரவில் குடித்துவிட்டு வந்த கணவர் கழுத்தை நெரித்திருக்கிறார், பிறகு சோபாவில் தூங்கிப்போயிருக்கிறார். அரை மணி நேரம் கழித்து இவள் டிராயரிலிருந்து சமையல் கத்தியை எடுத்து அவர் நெஞ்சில் குத்திவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காவை அழைத்து, தானே போலீசுக்கும் சொன்னாள். கொலை வழக்கு. லண்டனில் இருக்கும் எங்கள் உறவினர், "டிமினிஷ்ட் ரெஸ்பான்ஸிபிலிட்டி (குறைந்த பொறுப்புநிலை) என்று சொன்னால் கொலைக்குற்றமே குறைந்துவிடும்" என்கிறார். இன்னொருவர் "ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள்" என்கிறார். 30 நாள் மனநல மருத்துவமனைக்கு அனுப்பக் கேட்கலாமா? வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. அது என்ன ஆகும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

லண்டன் உறவினர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது அவர் நாட்டுச் சட்டம். இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டு ஹோமிசைட் சட்டத்தின் 2ஆம் பிரிவு, கொன்றவரின் பொறுப்புநிலை மனக்கோளாறால் கணிசமாகக் குறைந்திருந்தது என்று காட்டினால் கொலையை மான்ஸ்லாட்டர் என்ற கீழ்நிலைக் குற்றமாக இறக்கிவிடும். 2009இல் அந்தப் பிரிவின் வாசகத்தை மாற்றினார்கள், வழியை மூடவில்லை. பத்தாண்டு அடி வாங்கிய பிறகு தூங்கும் கணவருக்குத் தீ வைத்த கிரண்ஜித் அலுவாலியாவின் கொலைத் தீர்ப்பு 1992இல் ரத்தானது இந்த வழியில்தான். நம்மவர்கள் அந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதால் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் அந்த இடைப்படி கிடையாது. செய்தது தவறு என்று அறியவும், அந்த அறிவின்படி தன்னைக் கட்டுப்படுத்தவும் சம்பவ நேரத்தில் திறன் இருந்ததா, இல்லையா என்பதுதான் இங்கே கேள்வி. அறவே இல்லை என்றால் குற்றவாளி இல்லை. இருந்தது, ஆனால் குறைந்திருந்தது என்றால் கொலை கொலையாகவே நிற்கும், தண்டனை மட்டும் குறையலாம். 1977ஆம் ஆண்டின் 51ஆம் எண் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 78(7) சொல்வது இவ்வளவே. தூக்குத் தண்டனை இருந்த காலத்தில் இந்தக் 'குறைந்த பொறுப்புநிலை' உயிரைக் காக்கும் வாதமாக இருந்தது. 1995இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் மக்வன்யானே தீர்ப்பு தூக்கை ஒழித்தபின் அதன் வேலை ஆண்டுக் கணக்கைக் குறைப்பது.

அந்த ஆண்டுக் கணக்கு சின்ன விஷயமில்லை. 1997ஆம் ஆண்டின் 105ஆம் எண் சட்டம், பிரிவு 51இன்படி திட்டமிட்ட கொலைக்கு ஆயுள். திட்டமிடாத கொலைக்கு, முதல் குற்றமென்றால் குறைந்தது 15 ஆண்டு. 2004 அக்டோபர் 1க்குப் பின் செய்த குற்றத்துக்காக ஆயுள் விதிக்கப்பட்டவர் 25 ஆண்டு உள்ளே இருந்தபிறகே பரோலுக்குத் தகுதி பெறுவார். இந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போக, 51(3) கேட்கும் 'கணிசமான, வலுவான சூழ்நிலைகள்' இருப்பதாக நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும். குறைந்த பொறுப்புநிலை அந்தத் தராசில் வைக்கப்படும் ஒரு கனமான கல். அது தனியாக நிற்காது. 15 வருஷ அடி, குழந்தைகள், முன்குற்றம் இல்லாமை, தானே போலீசை அழைத்தது எல்லாம் சேர்த்தே எடை பார்ப்பார்கள்.

உங்கள் தங்கை வழக்கின் உயிர்நாடி அந்த அரை மணி நேரம். அரசுத் தரப்பு அதை 'யோசிக்கக் கிடைத்த நேரம்' என்று சொல்லி, திட்டமிட்ட கொலை என்று வாதிடும். அரை மணி என்பது கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள். மனைவியைப் பெட்ரோல் ஊற்றிக் கொன்ற கெகானா வழக்கில் 2014இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், திட்டமிட்டதா என்பதற்கு நேரம் மட்டுமே அளவுகோல் அல்ல, சில நிமிடங்கள்கூடப் போதும் என்றது. அதே காரணத்தால் நேரம் ஓடிவிட்டது என்பதாலேயே திட்டம் ஆகிவிடாது என்றும் வாதிடலாம். அந்த அரை மணியில் அவள் என்ன செய்தாள்? கழுத்து வலியோடு மூலையில் உட்கார்ந்திருந்தாளா, பிள்ளைகளின் அறைக் கதவைப் பூட்டினாளா, யாருக்காவது மெசேஜ் அனுப்பினாளா, அவர் "எழுந்து வந்து உன்னை முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாரா? ஆயுளுக்கும் 15 ஆண்டுக்கும் அதற்குக் கீழேயும் உள்ள வித்தியாசம் இந்த விவரங்களில் இருக்கிறது. குற்றப்பத்திரிகை 51(1) (ஆயுள்) என்கிறதா, 51(2) (15 ஆண்டு) என்கிறதா என்பதை வழக்கறிஞர் முதல் நாளே பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டின் 12ஆம் எண் சட்டம் குடும்ப உறவுக்குள் நடக்கும் குற்றங்களில் தண்டனை, பெயில் இரண்டையும் இறுக்கியிருக்கிறது. அதனால் பழைய தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு யாராவது ஆறுதல் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இனி வாதங்களுக்கு வருவோம். தற்காப்புக்குத் தாக்குதல் நடந்துகொண்டிருக்க வேண்டும் அல்லது உடனே நடக்க இருக்க வேண்டும். தூங்கும் ஆளிடம் அதை நிறுவுவது கடினம். 2005இல் எங்கல்பிரெக்ட் வழக்கில், கொடுமை செய்த கணவர் தூங்கும்போது கையில் விலங்கிட்டு முகத்தில் பிளாஸ்டிக் பை மாட்டிக் கொன்ற மனைவிக்காக இந்த வாதம் முழு அளவில் வைக்கப்பட்டது. நீதிபதி சாட்ச்வெல் அதைப் பொறுமையாகக் கேட்டார். ஆனாலும் கொலைக்குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. தண்டனையோ, அன்று கோர்ட் கலையும் வரை காவல், அவ்வளவுதான். என் கருத்தில், அடிபட்ட பெண்களின் வழக்கை எடுக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. குற்றத்தீர்ப்பில் தோற்று, தண்டனையில் வென்ற வழக்கு. அடுத்து 2004இன் ஃபெரேரா வழக்கு. கொடுமை தாங்காமல் கூலிக்கு ஆள் வைத்துத் துணைவரைக் கொன்ற பெண்ணுக்குக் கீழ்க்கோர்ட் ஆயுள் கொடுத்தது. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகி, அனுபவிக்காத பகுதி நிறுத்திவைக்கப்பட்டது. ஆள் வைத்துச் செய்தது திட்டமிட்ட கொலை என்பதில் சந்தேகமே இல்லை. இருந்தும் கொடுமையின் வரலாறு ஆயுளை உடைத்தது.

'பாதி மயக்கத்தில் செய்துவிட்டாள், கட்டுப்பாடே இல்லை' என்ற வாதத்தில் இரண்டு வகை உண்டு. குடும்பங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

ஒன்று மனநோய் வழி, பிரிவு 78(1). மனநோயாலோ அறிவுத்திறன் குறைபாட்டாலோ தவறென்று அறிய முடியவில்லை, அல்லது அறிந்தும் அடக்க முடியவில்லை என்பது. எவரும் மனநோய் இல்லாதவர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். மனநோய் இருந்தது என்று சொல்பவர்தான், இல்லை என்பதைவிட இருந்தது என்பதே அதிகம் சாத்தியம் என்னும் அளவுக்கு நிரூபிக்க வேண்டும். மருந்துச் சீட்டு மட்டும் போதாது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கும் ஆயிரக்கணக்கானோர் தவறு எது என்று நன்றாக அறிந்தவர்கள்தான். நோயின் பெயரைவிட, அந்த நிமிடத்தில் அந்த நோய் அவள் புத்தியை என்ன செய்தது என்பதுதான் கேள்வி. இந்த வழியில் வென்றாலும் நேராக வீட்டுக்கு வர முடியாது. கொலை வழக்கு என்பதால், 'மனநோயால் குற்றவாளி இல்லை' என்ற தீர்ப்போடு அரசு நோயாளியாக மனநல மருத்துவமனைக்கு அனுப்பலாம். அதற்குக் காலவரை இல்லை. 2002ஆம் ஆண்டின் 17ஆம் எண் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 47இன்கீழ் ஒரு நீதிபதி விடுவிக்கும் வரை அங்கேதான். சிறைத் தண்டனைக்காவது ஒரு தேதி உண்டு.

மற்றொன்று நோயில்லாத வழி. நீண்ட நாள் அவமானமும் பயமும் சேர்ந்து ஒரு கணத்தில் புத்தி உடைந்துவிட்டது என்பது. இதில் சுமை அரசுத் தரப்பில். ஆனால் சந்தேகம் எழுப்பும் அளவுக்கு அடிப்படைச் சாட்சியம் நீங்கள் கொடுக்க வேண்டும். 1985இல் ஆர்னால்ட் என்பவர் மனைவியைச் சுட்டுவிட்டு இந்த வாதத்தில் விடுதலையானார். 1990இல் விய்ட் என்ற பெண் கணவரைச் சுட்ட வழக்கிலும் மேல்முறையீட்டில் விடுதலை. பிறகு வந்த 2002இன் ஈடி தீர்ப்பு இந்தக் கதவை ஏறக்குறைய சாத்திவிட்டது. சாலைத் தகராறில் ஹாக்கி மட்டையால் ஒருவரை அடித்துக் கொன்ற வழக்கு அது. கோபத்தில் நிதானம் இழப்பது வேறு, திறனே இல்லாமல் போவது வேறு என்றது நீதிமன்றம். தன்னறிவில்லாத இயந்திரம் போன்ற செயலுக்கு நிகராக இருந்தாலொழிய இந்த வாதம் நிற்பது அரிது. என்னைக் கேட்டால் அது சரிதான். பொறாமையில் மனைவியைக் கொன்ற ஆண்களுக்கு இந்த வாதம் மிக வசதியான புகலிடமாக இருந்து வந்தது.

கத்தியை டிராயரில் தேடி எடுத்தாள், தூங்கும் ஆளின் நெஞ்சைக் குறிவைத்தாள், பிறகு பக்கத்து வீட்டை அழைத்தாள். இவை நோக்கத்தோடு செய்த செயல்கள் என்று அரசுத் தரப்பின் மனநல மருத்துவர் வரிசையாகச் சொல்வார். விடுதலை கிடைக்கும் என்று எதிர்பார்த்து இந்த வாதத்தில் எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டாம். அதே உண்மைகளைக் குறைந்த பொறுப்புநிலையாகத் தண்டனைக் கட்டத்தில் வையுங்கள். அங்கே அவற்றுக்கு மதிப்பு உண்டு. 2009இன் ம்னிசி வழக்கில், தன் மனைவியோடு காரில் இருந்தவரைச் சுட்டவருக்கு 15 ஆண்டு 8 ஆகக் குறைந்தது குறைந்த பொறுப்புநிலையால்தான். அதற்கு நிபுணர் சாட்சி கட்டாயமில்லை, எல்லாச் சாட்சியத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்றும் அங்கே சொல்லப்பட்டது. கட்டாயமில்லைதான், ஆனால் நிபுணர் இல்லாமல் போகாதீர்கள்.

"ஞாபகம் இல்லை" என்ற யோசனையை இன்றே கைவிடுங்கள். நினைவு இல்லாதது குற்றத்துக்கு எதிர்வாதமே அல்ல. பின்னால் மறந்துபோனது, செய்யும்போது அறியாமல் செய்தாள் என்பதற்குச் சான்றாகாது. அவளுக்கு உண்மையிலேயே சில நிமிடங்கள் நினைவில்லை என்றால் அதை அப்படியே, எது முதல் எது வரை என்று சொல்லட்டும். சொல்லிக்கொடுத்த மறதி பிடிபடும். குத்தியது மட்டும் மறந்து, அதற்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும் தெளிவாக நினைவிருந்தால் நிபுணர்கள் அந்த மறதியைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் "அவர் எழுந்தால் என்னைக் கொன்றுவிடுவார் என்று பயந்து செய்துவிட்டேன்" என்ற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால், அது பயத்துக்குச் சாட்சி. பிறகு "எனக்கு எதுவுமே தெரியாது" என்று கோர்ட்டில் சொன்னால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். நம்பகத்தன்மை ஒருமுறை போய்விட்டால், 15 வருஷக் கொடுமையைச் சொல்லும் வாயையும் நம்பமாட்டார்கள். அந்தக் கொடுமைதான் உங்கள் கைமுதல். அதை இழந்துவிடாதீர்கள்.

30 நாள் கண்காணிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிரிவு 77 இப்போது விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாளா என்று கேட்கிறது, பிரிவு 78 அன்றிரவு எப்படி இருந்தாள் என்று கேட்கிறது. இரண்டும் வேறு. மனநோயால் பொறுப்பில்லை என்று எழுப்பினால் கோர்ட் விசாரணைக்கு அனுப்பியே ஆக வேண்டும். வேறு காரணம் என்றால் அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். பிரிவு 79இன்படி ஒரு தடவைக்கு 30 நாள் வரை. கொலை வழக்கில் மருத்துவமனை சார்பில் ஒரு மனநல மருத்துவர் பார்ப்பார், காரணம் காட்டிக் கேட்டால் கோர்ட் இன்னொருவரை நியமிக்கும், தேவைப்பட்டால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும் சேர்வார். நம் மாகாணமான குவாசுலு-நேட்டாலில் அது பெரும்பாலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஃபோர்ட் நேப்பியர். படுக்கை கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பெயில் இல்லாவிட்டால் அந்தக் காலமெல்லாம் வெஸ்ட்வில் சிறைதான்.

அங்கே அவள் சொல்வதைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. மனநிலையைத் தீர்மானிக்கும் அளவுக்கு மட்டுமே அது சாட்சியம். ஆனால் 30 நாளும் நர்ஸ்கள் எழுதும் குறிப்புகள் அறிக்கைக்குள் போகும். 'நோய் இல்லை, திறன் முழுமையாக இருந்தது' என்று குழு ஒருமனதாக எழுதிவிட்டால், பிறகு குறைந்த பொறுப்புநிலை என்று வாதிடுவது மேட்டில் வண்டி ஏற்றுவது மாதிரி. 2014இல் காதலியைச் சுட்டுக் கொன்ற ஓட்டப்பந்தய வீரர் பிஸ்டோரியஸின் வழக்கில் அரசுத் தரப்பே அவரை வெஸ்காப்பிஸ் மருத்துவமனைக் கண்காணிப்புக்கு அனுப்பச் செய்தது. திறன் இருந்தது என்று அறிக்கை வந்தது, வாதம் அங்கேயே ஒடுங்கியது. அதனால் முதலில் தனியார் தடயவியல் மனநல மருத்துவர் ஒருவரை உங்கள் வழக்கறிஞர் வழியாக அமர்த்துங்கள். வழக்குத் தயாரிப்பின் பகுதியாகப் பெறும் அறிக்கை ரகசியத்துக்கு உட்பட்டது. பாதகமாக வந்தால் வெளியே எடுக்கத் தேவையில்லை. சாதகமாக இருந்தால்தான் கோர்ட் கண்காணிப்பைக் கேட்பதா என்று யோசிக்கலாம். பணம் இல்லை என்றால் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்காவிடம் நிபுணர் செலவுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அவர்களின் இலவச எண் 0800 110 110.

அந்த மருத்துவர் முன்னால் வைக்கக் காகிதம் வேண்டும். அதைச் சேர்ப்பது வழக்கறிஞரைவிட உங்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது. ஆர்.கே. கான் மருத்துவமனைக் கோப்பின் முழு நகல் கேளுங்கள். வெளிநோயாளி அட்டை மட்டும் போதாது, எலும்பு முறிவு, காது ஜவ்வு கிழிந்தது, 'படியில் விழுந்தேன்' என்று எழுதியிருக்கும் சீட்டுகள்தான் முக்கியம். தங்கையின் கையெழுத்துடன் சம்மதக் கடிதம் வேண்டும். தராவிட்டால் 2000ஆம் ஆண்டின் 2ஆம் எண் தகவல் அணுகல் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் கொடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கைதான மறுநாளே கழுத்து நெரித்த தடத்தைப் படமெடுத்து, காயங்களை எழுதும் ஜே88 படிவத்தில் மருத்துவர் பதிந்தாரா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே சிறை மருத்துவரிடம் கேட்க வேண்டும், ஏனெனில் நீலம் ஒரு வாரத்தில் மறைந்துவிடும். அப்போதும் விழுங்கும்போது வலி, குரல் மாற்றம், கண்ணில் ரத்தப்புள்ளி இருந்தால் எழுதச் சொல்லுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உத்தரவு எப்போதாவது வாங்கினாளா, வாங்கிவிட்டுத் திரும்பப் பெற்றாளா? திரும்பப் பெற்ற கோப்பும் சாட்சியம்தான். வேண்டாம் என்று ஒளிக்காதீர்கள். பெண்கள் ஏன் திரும்பப் பெறுகிறார்கள் என்று நிபுணர் சொல்வார். போலீஸ் நிலையத்துக் குடும்ப வன்முறைப் பதிவேட்டில் அழைப்புகள் பதிவாகியிருக்கும். வாட்ஸ்ஆப் குரல் செய்திகளை ஏற்றுமதி செய்து வைக்காமல் போனைத் தொலைத்த வழக்குகள் உண்டு. போன் போலீசிடம் இருந்தால், உங்களுக்கும் அண்ணிக்கும் அவள் அனுப்பியவை உங்கள் போன்களில் இருக்கும். அவற்றை அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. வழக்கறிஞரிடம் அவள் பேசுவதற்கு மட்டுமே ரகசியப் பாதுகாப்பு உண்டு, அக்கா தங்கை பேச்சுக்கு இல்லை. சிறையில் பார்க்கப் போகும்போது "அன்றைக்கு என்னடி நடந்தது?" என்று கேட்காதீர்கள். உங்களைச் சாட்சிக்கூண்டுக்கு அழைத்து அவள் என்ன சொன்னாள் என்று கேட்கலாம். பெயில் மனுவும் அப்படித்தான். பிரிவு 60(11B)இன்படி அதன் பதிவு விசாரணைப் பதிவின் பகுதியாகும். பிரமாணப் பத்திரத்தில் முகவரி, பிள்ளைகள், வேலை, பாஸ்போர்ட் ஒப்படைப்பு இவற்றை விரிவாகவும், சம்பவத்தை ஒரே வரியிலும் எழுதும் வழக்கறிஞர் விவரமானவர். வாதம் எது என்று முடிவாகுமுன் சம்பவத்தை நாலு பக்கம் எழுதுபவர் பின்னால் அவஸ்தைப்படுவார்.

கொலையிலிருந்து குற்றத்தின் பெயரே இறங்க இங்கே ஒரு வழி இருக்கிறது. அது குறைந்த பொறுப்புநிலை அல்ல. கொல்லும் எண்ணமோ, இறந்தால் இறக்கட்டும் என்ற துணிவோ இல்லை என்றால், அல்லது தற்காப்பு என்று மனதார நம்பித் தவறாகக் கணித்திருந்தால், கல்பபிள் ஹோமிசைட் என்ற கவனக்குறைவுக் கொலைக்குற்றம் வரலாம். அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. அரசுத் தரப்போடு பிரிவு 105ஏ ஒப்பந்தம் (குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைப் பேசி முடிப்பது) பேச முடிந்தால் இந்தக் குற்றத்துக்குத்தான் பேச வேண்டும். 276(1)(ஹெச்) என்ற வீட்டுக்காவல் தண்டனை, அதிகபட்சம் 3 ஆண்டு, அங்கே எட்டும் தூரத்தில் வரும். நெஞ்சில் குத்து என்பதால் எளிதாக ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பேச உட்காரும் முன் மேலே சொன்ன கோப்பு கையில் இருக்க வேண்டும். சம்பவ நேரத்தில் அவளும் குடித்திருந்தால் அதைத் தப்பிக்கும் வழியாக நினைக்க வேண்டாம், 1988ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டம் அதற்கென்றே தனிக் குற்றம் வைத்திருக்கிறது.

வீடு: இருவர் பெயரிலும் இருப்பதால் பொதுவாக அவளது பாதி அவளுடையதே. கணவரின் பாதியை அவளால் வாரிசாகப் பெற முடியாது. கொன்ற கை சொத்து பெறாது என்பது ரோமன்-டச்சுச் சட்டத்திலிருந்து வந்த விதி. கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கும் இது பொருந்தும் என்று 1992இல் நேட்டால் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மனநோயால் பொறுப்பில்லை என்ற தீர்ப்பு வந்தால் நிலை மாறலாம். அவர் பாதி பிள்ளைகளுக்குப் போகும் வகையில் மாஸ்டர் அலுவலகத்தில் (இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) சொத்து நிர்வாகியை நியமிக்கச் சொல்லுங்கள். அதுவரை பாண்ட் (வீட்டுக் கடன்) தவணையைத் தவறவிடாதீர்கள், தவறினால் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும். பிள்ளைகள் இப்போது உங்களிடம் இருந்தால், சாட்ஸ்வொர்த் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் உள்ள குழந்தைகள் நீதிமன்றத்தில் சமூகப் பணியாளர் வழியாக ஃபாஸ்டர் (வளர்ப்புப் பராமரிப்பு) உத்தரவு வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் பள்ளியிலும் மருத்துவமனையிலும் உங்கள் கையெழுத்து செல்லாமல் போகலாம்.